ஆட முடியாத பாட்டு

“என் தம்பி செத்ததுக்கு இவங்க டான்ஸ் ஆடணுமா?”

இரும்புச் சீப்பை அடுப்பில் சூடாக்கிச் சுருட்டை முடியை நீட்டிக்கொண்டிருந்த ஓர்லீன் வெடுக்கென்று திரும்பினாள். கணவன் ராஸ்கோ கித்தார் தந்தியை முறுக்கினான்.

“பாட்டை வேகமா அடிச்சாத்தான் மேடைங்கறான் டான்ஸ் ஹால்காரன். உன் தம்பி தாடியஸ் பேராவது வெளிய வரும்ல?”

“பொணத்துக்குச் சலங்கை கட்டுறே நீ. எங்கம்மா அப்பவே சொன்னா, கித்தார்காரனைக் கட்டாதேன்னு.”

“உங்கம்மா எதைத்தான் சொல்லலை?”

அவள் சீப்பை மறுபடி அடுப்பில் வைத்தாள்.

போன மாதம், வெள்ளையருக்கான கழிப்பறைக்குள் நுழைந்தான் என்பதற்காகப் பெட்ரோல் பங்கில் தாடியஸைச் சுட்டவன் போலீஸ்காரன் பிராக்ஸ்டன். அன்றைய அலபாமாவில் கறுப்பரைச் சுட்டதற்கு வழக்குகூடக் கிடையாது.

அன்று மாலை ஹாலின் நடுவே வழக்கம்போல் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் வெள்ளையர், மறு பக்கம் கறுப்பர். காவலுக்கு நின்றவன் அதே பிராக்ஸ்டன்.

ஓர்லீன் பாடினாள். “என் தம்பியை யாரு சுட்டா?” பாடுகிறவள் கேட்டால் கூட்டம் பதில் பாட வேண்டும், சர்ச்சிலிருந்து ‘சோல்’ எனும் கறுப்பர் பாட்டுக்கு வந்த பழக்கம் அது. பதில் வரவேண்டிய இடத்தை ட்ரம்பெட் ஊதி மூடிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகள் குதித்து ஆடினார்கள். கறுப்பர் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை.

பிராக்ஸ்டனின் பூட்ஸ் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் ஓர்லீனுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. கையை உயர்த்தினாள். வாத்தியங்கள் நின்றன.

“உங்க காலுக்காக நான் இதைப் பாடல.”

முதலிலிருந்து தொடங்கினாள், வாத்தியமே இல்லாமல், மெதுவாக. இப்போது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஆடியவர்கள் திகைத்துப்போய் நின்றார்கள்.

“என் தம்பியை யாரு சுட்டா?”

யாரும் வாய் திறக்கவில்லை. பிராக்ஸ்டனின் இடுப்பில் துப்பாக்கி இருந்தது.

“டேய் பையா!” அவன் ராஸ்கோவைப் பார்த்துக் கத்தினான். “அடிடா வாத்தியத்தை! ஜனங்க ஆட வேணாம்?”

ராஸ்கோவுக்கு வயது நாற்பத்து மூன்று. பிறந்ததிலிருந்து வெள்ளையரின் ‘பையா’ என்ற அழைப்புக்கு ‘சரிங்கய்யா’ என்றே பதில் சொல்லிப் பழகியவன். கித்தாரைக் கழற்றித் தரையில் வைத்தான். மைக் அருகே வந்து மனைவியின் தோளை ஒட்டி நின்றான்.

ஓர்லீன் மறுபடி கேட்டாள். “என் தம்பியை யாரு சுட்டா?”

ராஸ்கோ பிராக்ஸ்டனை நேராகப் பார்த்தான்.

“இவன்தான்” என்று பாடினான், சுருதி பிசகாமல்.