நாற்பது டிகிரி வெந்நீர்

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, குடியிருப்பின் பொது வெந்நீர்த் தொட்டியை நாற்பது டிகிரிக்கு இறக்கி வைத்திருந்தார் எலக்ட்ரீஷியன். போன வாரம்தான் சங்கக் கூட்டத்தில் அதற்காக எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்று வந்த தண்ணீர்ப் பரிசோதகருக்கு, தொட்டியின் வெப்பமானி முள்ளைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது.

"நாப்பதுலயா வைப்பாங்க? அந்தச் சூட்டுலதாண்ணே கிருமி பெருகும். ஷவர்ல நின்னா சாரலோட நுரையீரலுக்குள்ள போயிடும். வயசானவங்க யாராச்சும் இருமுறாங்களா?"

எலக்ட்ரீஷியன் சட்டென்று மேலே பார்த்தார். மாடியில் அவர் வீட்டில் மாமனார் மூன்று நாளாக இருமுகிறார். "ஷவர்ல ரொம்ப நேரம் நில்லுங்க மாமா, சளி இளகும்" என்று காலையில் சொல்லிவிட்டு வந்ததே அவர்தான்.

தலைக்கு மேலே, அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் இரையத் தொடங்கியது.