மாற்று வேட்பாளர்

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஒரு காலையில், கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு, கட்சித் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, சடையாண்டி அடுப்படி வாசலில் வந்து நின்றார். ராமுத்தாய் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"இந்தா புள்ள, இன்னைக்கு நான் வேட்பாளர்" என்றார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னைக்குத் தண்ணி மொற நமக்கு. வேட்பாளர் வந்து மடைய வெட்டிவிட்டுட்டுப் போகட்டும்."

"நெசமாத்தான் சொல்றேன். அண்ணனுக்கு நான்தான் மாற்று வேட்பாளர். கலெக்டர் ஆபீஸுக்குப் போறோம்."

அண்ணன் என்றால் பெருமாள்சாமி. ஆத்தூர்ப் பக்கம் பிறந்து, திண்டுக்கல்லில் வீடு கட்டி, தொகுதி முழுக்க அண்ணன் என்று பேர் வாங்கியவர். அவருடைய மனுவில் ஏதாவது கோளாறு என்று தள்ளிவிட்டால் கட்சிக்கு ஆள் வேண்டாமா? அதற்காக நம்பிக்கையான ஒருவரைக் கையோடு இன்னொரு மனுப் போட வைப்பார்கள். அண்ணன் மனு சரியென்று எடுத்துக்கொண்டதும் இந்த மனு தானாகத் தள்ளுபடியாகிவிடும். ஒருநாள் கல்யாணம், மறுநாள் மாப்பிள்ளை இல்லை. ஊரில் இதற்கு டம்மி என்று பெயர். அந்த வார்த்தையைச் சொன்னவர்களிடம் ராமுத்தாய் கடைசிவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அன்றைக்கு அவளுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள். தண்ணீர் சிவந்தது. "நெசமோ பொய்யோ, இன்னைக்கு ஒரு நாளைக்கு நீங்க வேட்பாளர்தான?" என்று வாசலில் நிறுத்தி மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். சடையாண்டிக்கு வெட்கம் வந்துவிட்டது. நாற்பது வயது ஆள் பொண்ணு பார்க்க வந்த பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அங்கே நடந்ததைச் சொன்னார். மனுக் கொடுத்தால் மட்டும் போதாதாம், அதிகாரி முன்னால் நின்று உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். அண்ணன் எடுத்த பிறகு இவரையும் எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். "வேட்பாளராக நியமிக்கப்பட்டுள்ள சடையாண்டி ஆகிய நான்" என்று அடுப்படியில் நின்றபடியே ஒரு தடவை சொல்லிக் காட்டினார். சொன்னபோது அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை ராமுத்தாய் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அதைப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதுவே கேலிப் பேச்சாகிவிட்டது. அவர் காப்பி கேட்டால், "சடையாண்டி ஆகிய நான் காப்பி கேக்குறேனாக்கும்?" என்பாள். அவரும் நெஞ்சில் கை வைத்து, "உளமார" என்பார்.

அந்தத் தேர்தலில் பெருமாள்சாமி ஜெயித்தார். சடையாண்டி அவரோடு ஜீப்பிலேயே திரிந்தார். தோட்டம் ராமுத்தாய் தலையில் விழுந்தது. தக்காளியும் அவரைக்காயும் அவள் போட்டாள், அவளே பறித்தாள், கூடையைப் பஸ்ஸில் ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு அவளே கொண்டுபோனாள். தொண்ணூற்றாறில் அண்ணன் தோற்றார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் கல் விழுந்த மரத்துக் காக்கை மாதிரி கலைந்துபோனார்கள். சடையாண்டி மட்டும் ஐந்து வருடமும் காலை பஸ்ஸில் போய் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். "அங்க போயி என்னதான் செய்றீக?" என்று ஒருநாள் கேட்டாள். "யாராச்சும் இருந்தாத்தான அண்ணனுக்குத் தெம்பா இருக்கும்" என்றார். மனுத்தாக்கல் வந்தபோதெல்லாம் வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டாள், ஆரத்தி எடுத்தாள், பொட்டு வைத்தாள். அந்தப் பொட்டை அவர் ராத்திரி படுக்கிற வரைக்கும் அழிக்க மாட்டார்.

இரண்டாயிரத்து ஒன்றில் அண்ணன் மறுபடி ஜெயித்தார். ஜெயித்த கையோடு அவர்கள் வீட்டுக்கே சாப்பிட வந்தார். ராமுத்தாய் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். "வெஞ்சனம் எல்லாம் எதுக்குத் தங்கச்சி, இந்தக் கொழம்பு ஒண்ணே போதும்" என்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, யாரும் கேட்காமலேயே சொன்னார்.

"எனக்குச் சர்க்கர கூடிப்போச்சு. காலு மரத்துப்போகுது. அடுத்த தடவ இவன்தான் நிக்கிறான். செத்த பொறுத்துக்கங்க, அஞ்சே வருசம்."

சடையாண்டி துண்டை நீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே நின்றார். ராமுத்தாய் அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். எம்.எல்.ஏ பெண்டாட்டி ஆக வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு ஆசை கிடையாது. காரும் வேண்டாம், மெட்ராஸும் வேண்டாம். ஒரே ஒரு தடவை, மறுநாள் தள்ளுபடி ஆகாமல், அந்த மனுஷன் பெயர் நிற்க வேண்டும். ஊர் வாயில் அந்தப் பெயர் வர வேண்டும். இவ்வளவுதான். இந்த இம்புட்டு ஆசையை ஐந்து வருடம் வயிற்றில் வைத்துக் காப்பாற்றினாள்.

இரண்டாயிரத்து ஆறு மாசியில் தெருவைப் பார்த்த சுவருக்கு அவளே சுண்ணாம்பு அடித்தாள். அவர் பெயரை ஓட்டுக்காக முதலில் நம் வீட்டுச் சுவரில்தான் எழுத வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தத் தடவை சுவரில் விளம்பரம் எழுதக் கூடாதென்று தேர்தல் கமிஷன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. "பரவால்ல, வெள்ளையாவே இருக்கட்டும்" என்றாள். கஞ்சி போட்டுப் புது வேட்டி ஒன்றும் எடுத்து வைத்திருந்தாள்.

வேட்பாளர் பட்டியல் வருகிற அன்று காலையிலேயே சடையாண்டி திண்டுக்கல் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். வெடிச்சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவர் நடந்து வந்த விதத்திலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வந்தவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"அழகுராஜாவுக்குக் குடுத்திருக்காக."

"எந்த அழகுராஜா?"

"அண்ணன் மகன். வேற எந்த அழகுராஜா?"

பெருமாள்சாமி முதல் தேர்தலில் நின்றபோது அழகுராஜா பத்து வயதுப் பையன். ஜீப்பில் சடையாண்டி மடியில் உட்கார்ந்துகொண்டு மைக்கைக் கொடு கொடு என்று அடம்பிடிப்பான். இவர்தான் பன்னும் கலர் சோடாவும் வாங்கிக் கொடுத்து அமர்த்துவார்.

"அவனுக்கு என்ன வயசாகுது?" என்றாள்.

"இருபத்தஞ்சு. போன தையிலதான் முடிஞ்சுச்சாம்."

தேர்தலில் நிற்க இருபத்தைந்து முடிந்திருக்க வேண்டும் என்பது இத்தனை தேர்தல் பார்த்த ராமுத்தாய்க்கும் தெரியும். ஐந்து வருடம் பொறுக்கச் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. தன் கையால் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே அந்த ஆள் மகனுடைய வயதைக் கணக்குப் போட்டிருக்கிறான்.

"அப்ப நீங்க?"

சடையாண்டி செம்பின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "நான்... எப்பவும் போலத்தான். பையனுக்கு மாற்று. அண்ணன் கையப் புடிச்சுக் கேட்டாக புள்ள. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, மனுத்தாக்கல் அன்று அவள் ஆரத்தி எடுக்கவில்லை. சடையாண்டி புது வேட்டியைத் தொடவில்லை, பழையதையே கட்டிக்கொண்டார். வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். அவள் எரிகிற அடுப்பையே திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. சாயங்காலம் வந்து உறுதிமொழியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பிரச்சார ஜீப் அவர்கள் தெருவுக்கே வந்தது. மைக்கில் சடையாண்டியின் குரல்தான். "உங்கள் வீட்டுப் பிள்ளை, அண்ணன் பெற்றெடுத்த செல்வம், அழகுராஜா இதோ வருகிறார், இதோ வருகிறார்" என்று தொண்டை கட்டிய குரல். பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் ஓடி வந்தாள்.

"மதினி, நீங்க எடுக்காம நாங்க எப்படி ஆரத்தி எடுக்குறது? நம்ம சடையாண்டி அண்ணன் வண்டியில நிக்கிறாக, பாக்க நல்லாவா இருக்கும்?"

போகக் கூடாது என்றுதான் ராமுத்தாய் நினைத்திருந்தாள். ஆனால் தெருவுக்கு முன்னால் அவருக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே. தட்டை எடுத்தாள். மஞ்சளைக் கரைத்தாள், சுண்ணாம்பைப் போட்டாள்.

ஜீப் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு எதிரில் நின்றது. அழகுராஜா கீழே இறங்கிக் கும்பிட்டபடி வந்தான். கழுத்து நிறைய மாலை. அழகான பிள்ளைதான், அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. சடையாண்டி ஒரு கையில் மைக்கும் மறுகையில் கழற்றிய மாலைகளுமாக அவனுக்கு ஓரடி பின்னால் நின்றார். வெயிலில் முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இத்தனை வருடமும் அவர் நின்றது அந்த ஓரடி பின்னால்தான் என்பது ராமுத்தாய்க்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அவள் திட்டமெல்லாம் போடவில்லை. கால் அதுவாகப் போனது. கும்பிட்டு நின்ற அழகுராஜாவைத் தாண்டிப் போய்ப் புருஷன் முன்னால் நின்றாள். தட்டில் போட நோட்டை நீட்டிய ஒரு கட்சிக்காரனின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. விரலைத் தோய்த்து அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள். பொட்டு வைக்கும்போது அவர் உதடு துடித்ததைப் பார்த்தாள். அழகுராஜா கும்பிட்ட கையை இறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்தான்.

சடையாண்டி அவளைப் பார்த்தார். பிறகு அழகுராஜாவைப் பார்த்தார். மாலைகளை ஜீப்பில் போட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து, நெற்றியை அழுத்தித் துடைத்தார். ஒரு தடவை துடைத்தது போதாதென்று இன்னொரு தடவையும் துடைத்தார்.

"பொம்பளைக்கு வெயில்ல கண்ணு தெரியல தம்பி. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மைக் அணைக்காமல் இருந்தது. அது தெருக்கோடிவரை கேட்டது.

சிவனம்மாள் அவசர அவசரமாகத் தன் தட்டோடு முன்னால் வந்து அழகுராஜாவுக்குச் சுற்றினாள். யாரோ வெடியைப் பற்றவைத்தார்கள். ராமுத்தாய் தட்டைச் சாய்த்து ரோட்டில் ஊற்றினாள். ஜீப் கிளம்பியது. சடையாண்டி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோளில் துண்டு செக்கச் செவேலென்று கறைபட்டுக் கிடந்தது.

அவள் வெள்ளைச் சுவரோரமாக, வெறும் தட்டோடு நின்றாள். அவர் குரல் அடுத்த தெருவில் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆரத்தித் தண்ணீரில் ஏறிப்போன சக்கரம், சிவப்புத் தடத்தைப் பதித்துப் பதித்துத் தெருமுனைவரை கொண்டுபோயிருந்தது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வெறும் புழுதிதான் தெரிந்தது.