நாலு இழையில் ஓடிய கரண்ட்

அந்த வண்டி எலக்ட்ரீஷியனுக்கு மீட்டர் என்று பட்டப்பெயர் வந்ததற்கு அவர் கழுத்தில் மாட்டித் திரியும் மீட்டர் மட்டும் காரணமில்லை. டீ வாங்கிக் கொடுத்தால்கூட டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். யார் என்ன சொன்னாலும் அவர் மனசுக்குள் ஒரு முள் ஆடும். அது ஓர் இடத்தில் நின்றால்தான் நம்புவார். தங்கை புருஷன் விஷயத்தில் அந்த முள் மூன்று வருஷமாக நின்றபாடில்லை.

மாப்பிள்ளை நல்ல மெக்கானிக். கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பு இருந்த ஒர்க்‌ஷாப்பில், புது சாமானை எடுத்துக்கொண்டு பழசைத் துடைத்து மாட்டினான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் செய்யவே இல்லை என்றான். தங்கை வந்து அழுதாள். தங்கை அழுதால் மீட்டருக்குத் தாங்காது. சரி, நம்ம கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கவும் ஆரம்பித்தார்.

இப்போது வந்திருப்பது வேன்காரம்மாவின் வேன். சிறுநீரகம் கெட்டவர்கள் ஆறு பேரை ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வீடு வீடாக ஏற்றிக்கொண்டு டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்விடுவது அவள் வேலை. குளிர்காலம் வந்ததும் வேன் மக்கர் பண்ண ஆரம்பித்தது. டீசல் இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் அதைச் சூடுபடுத்தி எழுப்புவதற்கென்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் விரல் நீளத்தில் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. அது சூடேறிப் பழுக்கவில்லை என்றால், செல்ஃப் எவ்வளவு அடித்தாலும் இன்ஜின் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

முதல் தடவை வேன் வந்தபோது மீட்டரே பார்த்தார். பிளக்குக்குப் போகும் வயரைக் கழற்றி, அதன் முனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் நல்லா வருது. பிளக் நாலும் போச்சு, மாத்திடலாம்" என்றார்.

புது பிளக் நாலும் வந்தன. மாப்பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன்னால், ஆக்ஸா பிளேடால் ஒவ்வொன்றின் தலையிலும் அடையாளத்துக்கு மெல்லிசாக ஒரு கீறல் போட்டு வைத்தார். கீறும்போது அவருக்கு லேசாகக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கீறினார்.

மாப்பிள்ளை மாட்டினான். மூன்றாம் நாள் வேன்காரம்மா ஆள் வைத்துத் தள்ளியே வேனைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினாள்.

"இன்னைக்கும் போச்சுண்ணே. நான் போய்ச் சேர்றதுக்குள்ள மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. கடைசி சீட்டுப் பெரியவர் மத்தியானம் வரைக்கும் பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. புது பிளக்தானே போட்டீங்க?"

புது பிளக்தானே என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். மீட்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மடியில் கனம் இருக்கிறவன் நிற்கிற மாதிரியே நின்றான் என்று அவருக்குப் பட்டது.

அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கழற்றிப் போட்ட பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினார். வாஷர், ஃபியூஸ், உடைந்த ஸ்விட்ச் எல்லாம் இருந்தன. வேனிலிருந்து கழற்றிய பழைய பிளக் நாலு மட்டும் இல்லை. அப்புறம் என்ன, எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டதே என்று நினைத்தார். பழசு திரும்ப இன்ஜினுக்குள் போயிருக்கிறது, புதுசு இவன் பைக்குள் போயிருக்கிறது. ஆத்திரத்தோடு தங்கைக்கு போன் போட்டார்.

"சாயங்காலம் உன் புருஷன் வந்ததும் அவன் பையைப் பாரு."

"ஏண்ணே? என்னாச்சு?"

"பாருன்னா பாரு. கடைப் பேரு கெட்டுச்சுன்னா என்னைய கேட்காத."

மறுநாள் காலையில் மாப்பிள்ளை முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இவரும் எதுவும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருந்தார். பேட்டரி சார்ஜுக்குக் கொடுத்ததை வாங்கி வா என்று அவனைத் தூர அனுப்பிவிட்டு, வேனின் மூடியைத் தூக்கினார்.

முதல் பிளக்கைக் கழற்றினார். தலையில் கீறல் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. நாலிலும் இருந்தது. அப்பாடா என்று ஒரு மனுஷன் நினைத்திருக்க வேண்டும். மீட்டரோ, பய கீறலைப் பார்த்துவிட்டு பழசின் மேலும் அதே மாதிரி கீறியிருப்பானோ என்று யோசித்தார். சந்தேகத்துக்குத்தான் எவ்வளவு உழைப்பு.

நாலையும் மீட்டரில் வைத்தார். நாலுமே அரை ஓமுக்குக் கொஞ்சம் கூட. புது பிளக் காட்ட வேண்டிய அளவு. ஒவ்வொன்றாகப் பேட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தார். எட்டு எண்ணுவதற்குள் நுனி செக்கச்செவேலென்று பழுத்தது. குறை சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை.

பிளக் சரி என்றால் மிச்சம் வயர்தான். நாலையும் திரும்ப மாட்டி வயரைக் கொடுத்து, அந்த வயர் மாட்டியிருக்கும்போதே மீட்டரை வைத்துச் சாவியைத் திருப்பினார். பன்னிரண்டு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் ஐந்தரை காட்டியது. வயரைக் கழற்றினார், பன்னிரண்டு. மாட்டினார், ஐந்தரை.

சுமை இல்லாதபோது எல்லாம் சரியாக இருக்கிறது, சுமை ஏறினால் படுத்துவிடுகிறது. டெஸ்ட் லேம்ப் எரிய ஒரு துளி கரண்ட் போதும். நாலு பிளக்குக்கு ஐம்பது ஆம்பியர் வேண்டும். முப்பது வருஷ அனுபவக்காரர், வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு லேம்ப்பை வைத்துப் பார்த்து, கரண்ட் நல்லா வருது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார். பிளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே பக்கத்தில் டேப் சுற்றிய இடம் சூடாக இருந்தது. கறுப்பு டேப், அதன்மேல் சிவப்பு டேப், நுனி மடித்து ஒட்டியது. அந்த மாதிரி சுற்றுகிற ஆள் கடைத்தெருவிலேயே ஒருத்தர்தான். டேப்பைப் பிரித்தார்.

மழைக்காலத்தில் அவரே மாற்றிய ரிலே. அன்றைக்கு வயர் முனையில் நசுக்கி மாட்டும் லக் சரியான அளவில் கையில் இல்லை. வேன்காரம்மா அவசரப்படுத்தினாள். தடித்த வயரின் இழைகளில் பாதியை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சின்ன லக்கில் நசுக்கி ஏற்றி, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று டேப்பால் மூடியிருந்தார். மூடியதோடு மறந்தும்விட்டார். இப்போது அந்த மிச்சமும் பச்சை பூத்து அற்றுப்போய், நாலே நாலு இழை பிடித்துக்கொண்டிருந்தது.

பேட்டரியைத் தோளிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார். மாப்பிள்ளை பிரித்துப்போட்ட டேப்பைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்கு முன்னாலேயே தெரியுமா மாப்ளே?"

"பிளக் போட்ட அன்னைக்கே தெரியும் மச்சான். டேப்பைத் தொட்டேன், சுட்டுச்சு. பழைய பிளக்கை பேட்டரில வச்சுப் பார்த்தேன், நாலும் நல்லாவே பழுத்துச்சு. உங்ககிட்ட காட்டலாம்னுதான் பையில எடுத்து வச்சேன்."

"காட்டியிருக்கலாமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"புது பிளக்குல கீறல் இருந்துச்சு. அதைப் பார்த்ததும் வாய் வரல. பிளக் சரிதான், உங்க ஜாயிண்ட்தான் கோளாறுன்னு நான் சொல்லியிருந்தா, நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருப்பேன் என்று சொல்லிவிடலாம், என்ன கெட்டுப்போகும் என்று தோன்றியது.

"மாட்டேன்" என்றார்.

"பெரியவர் பெஞ்சுல உட்கார்ந்தது என்னால. அதை நினைச்சா எனக்கும் மனசு ஆறல. ஆனா என்ன செய்யன்னு தெரியல மச்சான்."

மீட்டருக்கு வெட்கமாக இருந்தது, இந்த வயசில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "தங்கச்சி பையைப் பார்த்தாளா?" என்று கேட்டார்.

"கொட்டிப் பார்த்தா. நாலு பிளக்கும் தரையில விழுந்துச்சு. பழசுதான்னு சொன்னேன், அவளுக்குப் பழசு எது புதுசு எதுன்னு என்ன தெரியும். அண்ணன் சும்மா சொல்லமாட்டாருன்னு சொல்லிட்டு, பிள்ளைங்க பக்கத்துல போய்ப் படுத்துக்கிட்டா."

மீட்டர் அங்கேயே நின்று போன் போட்டார். அவனும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார். தங்கை எடுத்தாள்.

"தப்பு என்னுதும்மா. வயரை அரைகுறையா மாட்டினது நான்தான். மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல. அவன் ஒண்ணையும் எடுக்கல."

"எனக்காகத்தானேண்ணே இப்படிச் சொல்றீங்க?" அவள் குரல் உடைந்திருந்தது. "அவர் பக்கத்துல நிக்கிறாரா?"

"நிக்கிறான். நிஜமாத்தான் சொல்றேன். உன் பிள்ளைங்க மேல சத்தியம்."

"வேணாம்ணே. எங்க குடும்பத்துக்காக நீங்க பழியை ஏத்துக்காதீங்க. நீங்க அந்த மாதிரி வேலை செய்ற ஆளா? எனக்குத் தெரியாதா?"

மாப்பிள்ளை குனிந்து, பெட்டியில் தேடிச் சரியான அளவு லக்கை எடுத்துக்கொண்டு வேனுக்கு அருகில் போனான்.

"போனை வச்சிட்டு இந்த வயரைப் பிடிங்க மச்சான்" என்றான். "விடிஞ்சா அந்தம்மா போகணும்."