நொண்டிக் கொக்கு

1

இந்தக் கதை என் கற்பனையில் தோன்றியதல்ல. சென்னையில் ஒரு ராட்சதத் திரைக்கு முன்னால், நான் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே நடந்தது. ஃபரா கம்ப்யூட்டரில் உருவாக்கிய குறும்படத்துக்கு வசனம் எழுதியவன் நான். இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். “எழுது உமாபதி. ஆனா எங்கூட்ல யாராவது படிக்கிறதுக்குள்ள எனக்குக் காட்டு” என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பாலாறு வற்றிக் கிடந்த ஒரு கோடையில், ஒரு கொக்கு…

(இது படத்தின் தொடக்கம். கதையுடையது அல்ல.)

அடுத்து: தன்வீர் வீட்டை விட்டுப் போன அன்று அவன் அப்பா…

(இதுவும் வேண்டாம். ஆனால் விஷயம் தெரிய வேண்டும். ஃபராவின் அண்ணன் தன்வீர், காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீட்டுப் பெண் மஹாலட்சுமியைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்பா ஜான் பாஷா கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. ஃபரா மட்டும் சென்னையில் அவனை ரகசியமாகப் பார்த்துவந்தாள். போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்து அவன் கால் முடமானபோதும், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.)

2

ஐந்து குறும்படங்களைச் சேர்த்துக் காட்டும் பகல் காட்சி. காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டிலிருந்து அப்பாவும் அம்மாவும் காரில் வந்தார்கள். நான், பக்கத்தில் ஃபரா, அவளுக்கு அந்தப் பக்கம் அவள் “அம்மி” என்று கூப்பிடும் அம்மா ரசியா, கடைசியில் ஜான் பாஷா.

“உன் பேரு எப்பமா வரும்?”

“கடைசில வரும்பா.”

அவர் தன் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே முப்பரிமாணக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார்.

ஃபராவின் கொக்கு தண்ணீர் தேடி நடந்தது. தோளைச் சாய்த்து நாலெட்டு வைக்கும், நின்று திரும்பிப் பார்க்கும். இடது காலை மணலில் இழுக்கும். குழந்தைகள் சிரித்தார்கள். கொக்கு திரையை விட்டு வெளியே வந்து தலைகளுக்கு மேலே மிதந்தது. ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். எங்கள் மடிக்கு எதிரிலேயே வந்து நின்று திரும்பிப் பார்த்தது.

ரசியா கை நீட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

(இங்கே எனக்குச் சந்தேகம். ஒரு கொக்கின் நடையில் ஒரு தாய் மகனைக் கண்டுபிடிப்பாளா? அந்த வரியை அடித்துவிட்டேன். ஃபரா திரும்ப எழுதச் சொன்னாள்: “ஸ்கூலுக்குப் போறப்ப தெருமுனை வரைக்கும் அவன் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போவான். அம்மி வாசல்ல நின்னுக்கினு இருப்பாங்க.”)

3

“ஃபரா, அவன் காலுக்கு என்ன ஆச்சு?”

“எவன் அம்மி? அது கொக்கு.”

“எங்கிட்டயா? வீட்ட விட்டுப் போறப்ப நல்லாத்தானே நடந்தான். நீ அவனைப் பாத்துக்கினு இருக்கிற.”

ஃபரா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. ஜான் பாஷா திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

(இந்த இடத்துக்கு வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஃபரா பொய்யைத் தொடர்கிறாள், ரசியா நம்புவதுபோல் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொள்கிறார். இன்னொன்றில் விளக்கு எரிந்ததும் பின்வரிசையில் தன்வீரே… வேண்டாம், சினிமா ஆகிவிடும்.)

4

நடந்தது இதுதான். திரையில் பெயர்கள் ஓடின. ஃபராவின் பெயர் வந்தது. அதைப் பார்த்தபடியே ஜான் பாஷா கேட்டார்:

“எந்தக் காலு?”

ரசியா கண்ணை மூடிக்கொண்டார். ஃபரா என் மணிக்கட்டை விட்டாள்.

“இடது காலுப்பா. பைக்லேர்ந்து விழுந்துட்டான்.”

“நடக்கிறானா?”

“இப்ப பாத்தீங்களே, அந்த மாதிரி.”

அடுத்த படம் தொடங்கிவிட்டது. ஒரு விண்கலம் எங்கள்மேல் பாய்ந்தது. அரங்கமே குனிந்தது, எங்கள் வரிசையில் யாரும் அசையவில்லை. ஜான் பாஷா எழுந்து ஃபராவின் முன்னால் வந்து நின்றார்.

“கிளம்பு.”

எங்கே என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் படிக்கட்டு வரை பின்னால் போனேன். ரசியா காரின் முன்கதவைத் திறந்தார். “நீ பின்னாடி உக்காரு. அவ முன்னாடி வரட்டும்” என்றார் ஜான் பாஷா.

கார் வெளிவாசலில் நின்றது. காஞ்சிபுரம் போக வலது பக்கம் திரும்ப வேண்டும். தன்வீர் வீட்டுக்கு நேரே போக வேண்டும். கார் எந்தப் பக்கம் போனது என்று பார்த்தேன். அதை எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். பின்சீட்டில் ரசியாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஏறிக்கொள்ளுங்கள்.