வலது காதில் மட்டும்

பையில் இருந்ததை மருத்துவமனை ஊழியர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, கண்ணாடி நொறுங்கிய போன், பர்ஸ், ஒரு பழைய தைல டப்பா. கடைசியாக ஒரு காகித மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே சுண்டுவிரல் நுனியளவில் ஆரஞ்சு நிறப் பஞ்சு ஒன்று இருந்தது.

"இது காதுல இருந்துச்சும்மா. வலது காது. இடதுல எதுவும் இல்ல. எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவள் பேனாவை வாங்குவதற்குள், பின்னால் நின்ற கணவனின் அண்ணன் குனிந்து அந்தப் பஞ்சைப் பார்த்தார். வீட்டில் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பஸ்ஸில் கண்டக்டர். கூட்டத்துக்கு மேல் பேசிப் பேசி உரத்துப்போன குரல்.

"இதான் ஆளையே முடிச்சிருக்கு. காதை அடைச்சுக்கிட்டு வண்டி ஓட்டினா லாரி வர்றது எங்க கேக்கும்?" என்றார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு தைல டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தாள். தைலம் எப்போதோ தீர்ந்துபோய்க் கழுவித் துடைத்த டப்பா அது. உள்ளே இன்னொரு பஞ்சு இருந்தது. கசங்கவில்லை, ஈரமில்லை. இன்று காதுக்குள் போகாத பஞ்சு. மூடியை மூடி டப்பாவை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

அந்தப் பஞ்சைக் கொண்டுவந்து கொடுத்தவளே அவள்தான். அவள் வேலை பார்த்தது கண்ணாடி பாட்டில் ஆலையில். ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும் கூடத்தில் வாரத்துக்கு இரண்டு ஜோடி காதுப் பஞ்சு தருவார்கள். அவள் கணவன் பரிசோதனைக் கூடத்துக்காக ஊர் ஊராகப் போய் ரத்த மாதிரிகளை வாங்கி வருபவன். பெரிய சாலையில் நாளெல்லாம் பைக். வீட்டுக்கு வந்தால் காதுக்குள் வண்டு சுற்றுகிறது என்பான். டிவி சத்தத்தைக் கூட்டுவான். அவள் ஒன்று சொன்னால் "ம்?" என்பான். நான் பேசுவது பிடிக்காமல் செவிடன் வேஷம் போடுகிறானோ என்று அவளுக்கு முதலில் சந்தேகம்கூட வந்தது. ஆலைக்கு வரும் டாக்டரிடம் கேட்டபோது, ஹெல்மெட்டுக்குள் அடிக்கும் காற்றின் இரைச்சலே காதைத் தின்றுவிடும் என்றார். பஞ்சு வைத்தால் காற்று அடங்கும், ஹாரன் கேட்கும் என்றும் சொன்னார். அதன்பிறகு தன் பங்கில் ஒரு ஜோடியை அவனுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். உருட்டி மெலிதாக்கி, காதை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

ஜோடியைச் சேர்த்திருந்த நூலை வெட்டியதும் அவள்தான். தனியாகப் போனால் இரண்டு காதிலும் வைப்பான். பின்னால் அவள் உட்கார்ந்தால் வலதில் மட்டும். இடது தோளுக்கு மேல் அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். "இந்தக் காது உனக்கு," என்பான். "வாடகைக்குதான் விட்டிருக்கேன், சொந்தம்னு நெனச்சுக்காத."

விபத்து நடந்த காலை பத்து மணிக்கு அவள் ஆலையில் இருந்தாள். அப்படியானால் இன்றைக்கு அந்தக் காது யாருக்கு?

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அவளுடைய ஹெல்மெட் தொங்கும் கொக்கி காலியாக இருந்தது. விடியற்காலை அவள் ஆலை வண்டிக்குக் கிளம்பியபோது அது அங்கேதான் இருந்தது.

கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பெரியவர் காதுப் பஞ்சின் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள், அதே வரிசை. டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல ஆளுக்கு ஒன்று. கேட்டவர்கள் அவள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பஞ்சு வைத்தாலும் ஹாரன் கேட்கும் என்று அவள் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். பாவம், மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்பதுபோல முதுகைத் தடவினார்கள்.

மாமியார் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம் பையன் கேட்டானாம்மா அதை? நீயாத்தானே கொண்டாந்து குடுத்தே?"

"அவருக்குக் காது போயிட்டிருந்துச்சு அத்தை."

"இப்ப காது பத்திரமா இருக்கு," என்று சொல்லிவிட்டு மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை முழுவதும் அவள் அழவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தலைக்கு என் ஹெல்மெட் நுழையுமா? பரிசோதனைக் கூடத்தில் அவனோடு வேலை செய்த பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அடர்ந்த கூந்தலை உச்சியில் பெரிய கொண்டையாகப் போட்டிருந்தாள். அந்தக் கொண்டைக்கு மேல் ஹெல்மெட்டை வைத்தால் முட்டைமேல் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. தன் நினைப்பு போகும் போக்கைப் பார்த்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் கேட்டாள், இன்று அவர் யாரையாவது ஏற்றிக்கொண்டு போனாரா என்று. வேலை நேரத்தில் யாரையும் ஏற்றக் கூடாதென்பது பரிசோதனைக் கூடத்தின் சட்டம், அவர் அதை மீற மாட்டார் என்றாள் அந்தப் பெண். மீறுகிறவன் சொல்லிவிட்டா மீறுவான் என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

மறுநாள் முற்பகலில் உடலை ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. எல்லோரும் ஏறியாயிற்று. டிரைவர் திரும்பி, "போலாமா?" என்று கேட்டார். உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் பெரியவரைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் எந்த வண்டி கிளம்பினாலும் சரி, கல்யாணக் காராக இருந்தாலும் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளாக இருந்தாலும், பெரியவர் அதன் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்… போலாம்!" என்று சொன்னால்தான் கிளம்பும். அதைக் கிண்டல் செய்து செய்தே அவள் கணவன் வளர்ந்தான்.

பெரியவர் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். டிரைவர் மறுபடியும் கேட்டார். கடைசியில் யாரோ முன்னால் இருந்து, "எடுங்க," என்றார்கள்.

அவள் அதைக் கவனித்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்து, முகம் கழுவத் துண்டை எடுக்கக் கதவைச் சாத்தினாள். கொக்கியில் ஹெல்மெட் தொங்கியது.

சற்று நேரம் அதைத் தொடாமல் பார்த்தாள். பிறகு எடுத்துத் தலையில் மாட்டித் தாடைக்குக் கீழே பட்டையைப் பூட்டினாள். பட்டை தொளதொளவென்று தொங்கியது. இரண்டு விரல் அல்ல, முழுக் கையே நுழைந்தது. அவள் தாடைக்குப் பட்டையைக் கடைசிவரை இழுத்துக் கணவன்தான் சரிசெய்து வைத்திருந்தான். யாரோ அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். கொண்டைக்காரிக்குக்கூட இவ்வளவு பட்டை வேண்டியிருக்காது. இது பெரிய தாடை. ஆண் தாடை.

பெரியவர் பின்பக்கத்து வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் பைக் மூன்று நாளாக மெக்கானிக்கிடம் கிடப்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. யாரோ போன் செய்து சொன்னார்கள் என்று நேற்று அவளுக்குத் தகவல் சொன்னவர் அவர். அவளுக்கு முன்பே மருத்துவமனையில் நின்றவரும் அவர்.

ஹெல்மெட்டை அவர் மடியில் வைத்தாள்.

"இதைப் போட்டுக் காட்டுங்க மாமா."

அவர் போடவில்லை. ஹெல்மெட்டின் மேல் ஒட்டியிருந்த பூ ஸ்டிக்கரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"டெப்போவுக்கு நேரமாயிடுச்சும்மா. நான்தான் அவனை வரச் சொன்னேன்," என்றார். பிறகு மெதுவாக, இதுவரை அவள் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார். டெப்போ முனையில் இறங்கினாராம். பெரிய சாலையில் ஏறும் இடத்தில் ஒரு வேன் நின்று மறைத்துக்கொண்டிருந்ததாம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுக்கக்கூட நிற்காமல், அது தலையில் இருக்கும்போதே சாலையை எட்டிப் பார்த்தாராம்.

"பாத்தேன்னுதான் நெனச்சேன்." அவர் கை தானாகக் காற்றில் இரண்டு தட்டுத் தட்டியது. "ரைட், போலாம்னு சொன்னேன்."

"அவருக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சிரிச்சான். 'டிக்கெட் வாங்கலியே'ன்னான். எடுத்துட்டான்." அவர் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் அழுத்தி ஒட்டினார். "ஆம்புலன்சுக்குப் போன் பண்ணது நான்தான். யாரோ பண்ணாங்கன்னு சொன்னதும் நான்தான். அம்மாகிட்ட எப்படிம்மா…"

அவள் தூணில் சாய்ந்தாள். ஒரு நாள் முழுவதும் அவளை அரித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தக் காதைப் பிடுங்கிக்கொண்டவள் யாரும் இல்லை. அவனுக்குக் கேட்காமல் போகவும் இல்லை.

உள்ளே இருந்து மாமியாரின் குரல் வந்தது.

"அங்க யாரு? அந்தப் பஞ்சைத் தூக்கி எறிஞ்சியா இல்லியா? என் கண்ணுல படக் கூடாது அது."

பெரியவர் அவளைப் பார்த்தார். அவள் சொல்லிவிடலாம். நாலே வார்த்தை போதும், சுமை தோள் மாறிவிடும். நேற்றிலிருந்து அவள் பக்கம் திரும்பிய அத்தனை முகங்களும் வேறு பக்கம் திரும்பும்.

"இன்னும் இல்ல அத்தை," என்றாள்.

பெரியவர் எழுந்தார். ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல ஒரு கணம் நின்று, அதைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனார். தாடைப் பட்டை அவர் முழங்காலில் இடித்துக்கொண்டே போயிற்று.

அவள் இடுப்பில் செருகியிருந்த தைல டப்பாவை எடுத்துத் திறந்தாள். பஞ்சை எடுத்து இரண்டு விரலுக்கிடையே உருட்டினாள். அது நூல்போல மெலிந்தது. காதை மேலே இழுத்து, அதை அருகே கொண்டுபோனாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அம்மா, கொஞ்சம் இப்படி உக்காரு," என்றார் பெரியவர்.

அவள் கையை இறக்கினாள். உள்ளங்கையில் அந்தப் பஞ்சு மெல்ல மெல்ல விரிந்து, தன் பழைய அளவுக்கு வந்துகொண்டிருந்தது.