மேல போய்க் கேளுங்க

நாடாளுமன்றத்துப் பார்வையாளர் மாடத்தில், மெத்தை வைத்த நாற்காலியில் உட்காரவே இஸ்திரிக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. காவலாளி வேறு கறாராகச் சொல்லிவிட்டார்: "கை தட்டக் கூடாது, பேசக் கூடாது. எந்திரிச்சா வெளியதான்." பக்கத்தில் பத்தொன்பது வயது மகள். தெருவே அவளை ரயிலு என்றுதான் கூப்பிடும். இவரும் அப்படித்தான். பிறக்கும் முன்பே தாய் ஆசையாய்ப் பார்த்து வைத்த பெயர் இவர் வாயில் வரவே வராது.

அவர்கள் தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் தண்டவாளம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பிரசவ வலியோடு ஆட்டோவில் போன இவர் மனைவியை, மூடிய ரயில்வே கேட்டில் நாற்பது நிமிஷம் நிறுத்தியது ஒரு சரக்கு ரயில். பிள்ளை ஆட்டோவிலேயே பிறந்தது. ஆஸ்பத்திரியை எட்டும் முன்பே தாயின் உயிர் போய்விட்டது. எதிரே ஆஸ்பத்திரி போர்டு பளிச்சென்று தெரிந்தது, பாவிகளா!

அடுத்த வாரம் பக்கத்துக் கடை டெய்லரக்கா, கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்போடு வந்து நின்றார். "மேம்பாலம் வேணும்னு எழுதுங்கண்ணே. நான் வரேன். ஆனா நீங்களும் பிள்ளையத் தூக்கிட்டு வரணும்."

அது அக்காவின் வழக்கம். சாக்கடையோ தெருவிளக்கோ, வெறும் காகிதத்தை எந்த மேசையிலும் வைக்க மாட்டார். மனு கொடுத்தவரை எழுப்பி நிறுத்தி, "முதல்ல ஆளப் பாருங்க, அப்புறம் பேப்பரப் பாருங்க" என்பார்.

நகராட்சியில், "எங்க கையில இல்லம்மா, மேல போய்க் கேளுங்க" என்றார்கள். அக்கா கவுன்சிலரானார். அப்போதும் "மேல" என்றார்கள். சட்டமன்றத்துக்குப் போனார். அங்கேயும், "ரயில்வேயா? மேல." "சரி, அங்கயும் போயிருவோம்" என்றார், அடுத்த பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர் மாதிரி. நடுவில் இரண்டு தேர்தலில் மண்ணைக் கவ்வியதும் உண்டு. மறுநாளே கடை திறந்து ஜாக்கெட் தைத்தார். ஒரு பாலத்துக்காக ஒருத்தர் இத்தனை உயரம் ஏறுவாரா! நினைத்தால் இஸ்திரிக்காரருக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

கீழே, இப்போது எம்.பி. ஆகிவிட்ட அக்காவைப் பேச அழைத்தார்கள். மூன்றே நிமிஷம். மடிப்பெல்லாம் கிழிந்த அதே மனுவை விரித்து, ஆட்டோவில் பிள்ளை பிறந்ததிலிருந்து வாசித்தார். ரயில்வே அமைச்சரோ குனிந்த தலை நிமிராமல் ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். இங்கேயும் கைவிரித்தால் இதற்கு மேலே எங்கே போவது, ஆகாயத்துக்கா?

அக்கா வாசிப்பதை நிறுத்தினார். பழக்கதோஷம், சட்டென்று மாடத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். "ஐயா, முதல்ல ஆளப் பாருங்க. ரயிலு, எந்திரிம்மா!"

அந்தக் குரலுக்கு எழுந்தே வளர்ந்தவள், எழுந்துவிட்டாள். சபையில் ஒரே சலசலப்பு. அவைத் தலைவர் மணியடித்தார். காவலாளி ஓடி வந்தார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆனால் அமைச்சர் நிமிர்ந்துவிட்டார். நெடுநெடுவென்று நிற்கும் பெண்ணை வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையா இது?"

"அவளேதாங்கய்யா. மனுவுக்கும் அவளுக்கும் ஒரே வயசு."

அமைச்சர் கோப்பை மூடி வைத்தார். "இதுக்கு மேல யாரும் இல்லம்மா. என் கையிலதான் இருக்கு. பாலம் கட்டுறோம்."

சபை மேசையைத் தட்டியது. சட்டம் சட்டம்தானே, காவலாளி அப்பாவையும் மகளையும் வெளியே கூட்டிப்போனார். படியிறங்கும்போது இஸ்திரிக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அழுதுகொண்டே, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, மகளை அவள் அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.