கழுத்தை நேரா வைங்க

கிரேன்காரிக்கு வந்த கோபத்தில், ஸ்கேனுக்காகக் கழுத்தில் தடவியிருந்த ஜெல்லே கொதித்திருக்க வேண்டும்.

ஆறு மாதமாகத் தலைசுற்றல். சரக்குக் கிடங்கில், பத்து ஆள் உயரக் கூண்டில் உட்கார்ந்து பெட்டி தூக்குகிறவளுக்கு அது வரலாமா? ஒருநாள் கொக்கி தாறுமாறாக ஆடியதும் மேலாளர் அவளைக் கீழே இறக்கிவிட்டார்.

"நோய்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா கீழயே வேலை தர்றேன். நடிப்புன்னா வீட்டுக்குப் போயிடு."

அதற்கு அவர் வைத்த கெடு இன்றோடு முடிகிறது.

நோய் இருப்பது பொய்யில்லை. அவளுடைய உடம்பே அவளுடைய தைராய்டைப் பகையாளி மாதிரி தாக்குகிறது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டது. தலைசுற்றலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்றால்தான் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த நோய்க்காரர்களுக்கு மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறதா என்று கழுத்தில் ஸ்கேன் வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றதும் ஓடி வந்து பெயர் கொடுத்தாள்.

"கழுத்தை நேரா வைங்கக்கா. ஆடாதீங்க," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். வுஷ், வுஷ் என்று ரத்தம் ஓடும் சத்தம் இயந்திரத்திலிருந்து கேட்டது.

டாக்டர் திரையை எட்டிப் பார்த்தார். "ரத்த ஓட்டம் அருமையா இருக்கும்மா. இது மனசு சம்பந்தப்பட்டது. அப்படியே எழுதிடறேன்."

"நான்தான் சொன்னேனே, எல்லாம் டென்ஷன்னு," என்றார் மூலையில் நின்ற கணவர்.

"நீங்க சும்மா இருங்க. ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது, எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாரு!"

கருவியை எடுக்கப்போன பெண்ணின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"எடுக்காதம்மா. கூண்டுல நான் கூரையையா பாத்துக்கிட்டு இருக்கேன்? இடப்பக்கம் திரும்பி, குனிஞ்சு கொக்கியைப் பாக்கறேன். அப்பதான் சுத்துது. வந்த அன்னைக்கே சொன்னேன். ஒருத்தராவது காதுல வாங்கினீங்களா?"

சொல்லிக்கொண்டே தலையை இடப்பக்கம் திருப்பித் தாழ்த்தினாள்.

வுஷ், வுஷ்... வுஷ்... சத்தம் தேய்ந்து நூலாக இழுத்தது. அறை சுழன்றது. கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டாள்.

"கருவி நகர்ந்திருக்கும்," என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். ரத்தக்குழாய் திரையிலயே இருக்கு. ஓட்டம்தான் குறைஞ்சுபோச்சு," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

"நம்ம படிவத்துல தலையைத் திருப்பிப் பாக்கற கட்டமே கிடையாதே..."

"இதுவரைக்கும் நாப்பத்திரெண்டு பேருக்கு ஸ்கேன் எடுத்திருக்கோம் டாக்டர்," என்றாள் அந்தப் பெண். "எல்லாரையும் நேராதான் வைக்கச் சொன்னேன்."

கிரேன்காரி மெல்லத் தலையை நிமிர்த்தினாள். "அதுல எத்தனை பேருக்கு மனசுன்னு எழுதினீங்க?"

டாக்டர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். கணவர் தன் பேனாவை நீட்டினார்.

கடிதம் கைக்கு வந்தது. எந்தப் பக்கம் திரும்பினால் எவ்வளவு குறைகிறது என்பதுவரை இருந்தது. இரண்டு முறை படித்து மடித்து வைத்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அந்த நாப்பத்திரெண்டு பேருல முதல் ஆளுக்கு இப்பவே போன் போட்டு, தலையைத் திருப்பிப் பாக்கணும், மறுபடி வாங்கன்னு சொல்லுங்க. காதால கேட்டுட்டுத்தான் போவேன்."